வாட்ச்மேன் அன்றைக்கு லீவு

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி, சம்பந்தியம்மா எல்லாரும் சௌக்கியம் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசலாமே என்பாய். லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளிய காது இது. நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, மாப்பிள்ளை பின்னால் நின்று சிரிக்க, எதற்கு வம்பு.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு வேலைக்கு நேர்காணல். இஸ்திரி போட்ட சட்டை, தலைக்குச் சாயம், கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் கிளம்பினேன். போன இடம் நான் மாத்திரை வாங்கும் அதே மனநல ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்ததும் கால் தன் பாட்டுக்குப் போய் டோக்கன் வரிசையில் நின்றுகொண்டது. சட்டைதான் புதுசு, கால் பழசு. நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போதுதான் உறைத்தது. நான் இங்கே வேலை பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அந்தப் பெண் முகத்தில் ஒரு சலனம் இல்லை. "சரிங்க ஐயா, கையை மட்டும் ஆட்டாதீங்க" என்றாள். இல்லை தாயி, இன்டர்வியூ இருக்கிறது என்றேன். அதெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள். மேலாளர் அம்மா வந்து மீட்டுக்கொண்டு போகும்வரை நான் நோயாளிதான். ரத்த அழுத்தம் மட்டும் சீராக இருந்ததாம்.

வேலை இதுதான். அங்கே புதிதாக வந்து படுப்பவர்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. அதனால், அதே கஷ்டத்தைப் பட்டு எழுந்து வந்த ஒரு ஆளை அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். சகதுணையாளர் என்று பேர். மருந்து கொடுக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கூட உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குச் சம்பளம். வேறு எந்த ஆபீசில் இப்படி ஒரு தகுதி கேட்பான்? பைத்தியமாக இருந்திருக்க வேண்டும், இப்போது இருக்கக் கூடாது. எனக்கென்றே தைத்த சட்டை.

ஒரு விஷயம். ஆளைப் பற்றி அவன் வீட்டு மனுஷர் ஒருவரிடமும் தனியாகப் பேசுவது அவர்கள் வழக்கம். வேலைக்கு வருகிறவன் தன்னைப் பற்றித் தானே சொல்வதை அவர்கள் முழுசாக நம்புவதில்லை. எனக்கு வீட்டு மனுஷர் என்றால் நீ ஒருத்திதான். வர முடியுமா என்று பார். அவசரம் இல்லை.

பேத்தி கன்னத்தை என் சார்பில் ஒரு தரம் கிள்ளு, அழாத மாதிரி.

அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, அதனால் கொஞ்சம் சிணுங்கல். நீங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

வேலை விஷயம் படித்தேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் அம்மாவுக்கு, அத்தைக்கு, இன்னும் உங்களுக்கு வந்தது குடல்புண் என்றுதான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும் என்கிறார் அவர். நானும் அதைத்தான் நினைக்கிறேன்.

அந்த வேலை உங்களுக்கு அவசியமா அப்பா? வீட்டுக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது பார்க்கக் கூடாதா?

அங்கே உங்களிடம் என்ன கேட்டார்கள்? அன்றைக்கு நடந்ததைப் பற்றிக் கேட்டார்களா? நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

மகள்


பிப்ரவரி 5

கண்ணு,

சுகம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். மூடாமல் போனாலும் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கேட்டார்களா என்றா கேட்டாய்? கேட்டதே அதைத்தான். மேலாளர் அம்மா, ஒரு டாக்டர், ஏற்கெனவே இந்த வேலை பார்க்கும் ஒரு பெரியவர், மூன்று பேர். நான் எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன். அம்மா போன மறு வருஷம், மனசு விட்டுப் போன ஒரு நாளில், பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் லிப்ட் மோட்டார் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அவர்கள் பிழைப்பே அது. அப்போது பார்த்து வாட்ச்மேன் என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். கதவைத் தட்டினான். திறக்கவில்லை என்றதும் வெளியே உட்கார்ந்து பேச ஆரம்பித்தான் பார். மச்சினன் சண்டை, மூல வியாதி, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், மதியம் பூரா. உயிரை விடுவதைக் கூட நிம்மதியாகச் செய்ய விடமாட்டேன் என்கிறானே என்று வெறுத்துப்போய்த் திறந்துவிட்டேன்.

டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மேலாளர் அம்மா மட்டும் சிரித்து முடித்த பிறகு, நிஜமாகவே உங்களைத் திறக்க வைத்தது எது என்று கேட்டார். பசி என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

உன் பேச்சையே எடுக்கவில்லை. என்றைக்கும் எடுத்ததில்லை. அதனால் நீ தைரியமாக வரலாம். உன்னைப் பார்த்து யாரும் ஒரு மாதிரியாக முழிக்கமாட்டார்கள்.

அப்பா


மார்ச் 3

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீயும் நலம்தானே? போன கடிதம் வந்ததா? தபால்காரரை வழியில் மடக்கிக் கேட்டேன். ஊரில் யாருக்குக் கடிதம் வராவிட்டாலும் தன்னைத்தான் பிடிக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார். கடிதம் எழுதுகிற ஆளே ஊரில் நான் ஒருத்தன்தான், இதில் அவருக்கு என்ன சலிப்பு.

இரண்டாவது நேர்காணலும் முடிந்தது. இந்தத் தடவை பரீட்சை. மேலாளர் அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், நோயாளி மாதிரி. நான் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நான் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. கட்டில் கால் ஆடுவதைப் பற்றிச் சொன்னேன், மின்விசிறியின் பேரிங் போய்விட்டதைச் சொன்னேன், ஒரு ஜோக் சொன்னேன். சுவரைப் பார்த்திருந்த முதுகு குலுங்கியது. சரி, பாஸ் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்து, உங்களுக்கு சத்தம் இல்லாமல் இருக்க பயமா என்று கேட்டார். லிப்ட்காரன் அம்மா, சத்தம் நின்றால் பழுது என்று அர்த்தம் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

எனக்கு இந்த வேலை வேண்டும், கண்ணு. காலையில் எழுந்ததும் போக ஒரு இடம் வேண்டும். சில காலைகளில் எழுந்திருப்பது இன்னும் பெரிய பாடாகத்தான் இருக்கிறது. இதை வேறு எவனிடம் சொல்ல முடியும்? அங்கே சொன்னால் அது தகுதி.

என்னோடு மனு போட்டவர்களில் தையல்கார அம்மா ஒருவரும் இருக்கிறார். இடம் ஒன்றுதான். அவர் வீட்டிலிருந்து அண்ணன் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார். நான்தான் பாக்கி.

உன் பதில் இல்லாமல் ஒரு மாதம் போனது இதுதான் முதல் தடவை.

அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பாப்பாவுக்குச் சளி, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. அதனால்தான் எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வாட்ச்மேன் அன்றைக்கு லீவு.

மகள்


மார்ச் 22

கண்ணு,

பேத்திக்குச் சளி குறைந்ததா? வெந்நீர் ஆவி பிடிக்க வை, அவளைக் கையில் வைத்துக்கொண்டு நீயும் பிடி.

வாட்ச்மேன் லீவு என்று எனக்குத் தெரியாதா? டப்பாவைக் கொண்டு வந்தது யார், வெளியே உட்கார்ந்தது யார், எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பிள்ளை அந்தத் தரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்படி ஆயிற்று என்று நான் நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? சொன்னால் சிரிக்கமாட்டார்கள். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் 'ஐயோ அந்தப் பெண்' என்பார்கள். வாட்ச்மேன் என்றால் சிரித்துவிட்டுப் போவார்கள். உன்னை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கதையிலிருந்தாவது எடுக்க முடிந்ததே என்று கொஞ்சம் பெருமை கூட இருந்தது. முட்டாள் பயல் பெருமை.

நீ வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வராவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். தையல்கார அம்மாவுக்கு வேலை கிடைத்தால் சட்டைக்குப் பித்தான் தைக்கவாவது ஆள் ஆச்சு.

அப்பா


ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பாவுக்குச் சளி போய்விட்டது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், பட்டப்பகல்தான், ஞாயிற்றுக்கிழமை. அதனால் இதை எழுத முடிகிறது.

நீங்கள் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். என் கல்யாணத்துக்கு முன்னால், உங்கள் பழைய மேஸ்திரியிடம் சொன்னீர்கள். நான் தேநீர் தட்டோடு வாசலில் நின்றேன். வாட்ச்மேனுக்கு மூல வியாதி என்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து, அந்தக் கதவுக்கு வெளியே நிஜமாகவே நான் இருந்தேனா என்று யோசித்தேன். நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். எனக்காகத்தான் மாற்றினீர்கள் என்பது இப்போது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை, மன்னியுங்கள்.

அன்றைக்கு நான் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? முதலில் சாப்பிட வாங்க என்றேன். கெஞ்சினேன். அம்மாவைச் சொல்லிப் பார்த்தேன். கோபமாகத் திட்டினேன். பிறகு ஒன்றும் தோன்றாமல், பையிலிருந்த வேதியியல் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். அமிலம், காரம், உப்பு. பாடம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. கதவு திறந்திருந்தது, நீங்கள் என்னைத் தூக்கி நிறுத்தினீர்கள், "சோறு ஆறிப்போச்சா பாப்பா" என்றீர்கள். அவ்வளவுதான் ஞாபகம்.

எந்தச் சொல்லுக்குத் திறந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது அப்பா. அதனால் எல்லாச் சொல்லையும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மாத்திரை போட்டீர்களா, காதை மூடினீர்களா, சாப்பிட்டீர்களா. உங்களுக்கு எழுத வேண்டிய கடிதம் ஒன்று தள்ளிப்போனால் எனக்கு மூச்சு முட்டும். பிப்ரவரியில் எழுதாமல் இருந்து பார்த்தேன். கோபத்தில்தான். படுத்தால் தூக்கம் வரவில்லை. பாதி ராத்திரியில் எழுந்து பாப்பா மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பேன், அவர் மூச்சைப் பார்ப்பேன். உங்களுடையதைப் பார்க்க முடியாதே என்று உட்கார்ந்திருப்பேன்.

வருகிறேன். ஏப்ரல் கடைசியில் விடுப்புக் கிடைக்கும். அத்தையிடம் உங்களுக்குக் குடல்புண் பரிசோதனை என்று சொல்லியிருக்கிறேன்.

மகள்


மே 2

அன்பு மகளுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நான் நலம். நீ அடுக்கி வைத்துவிட்டுப் போன பாத்திரங்களில் எதுவும் என் கைக்கு அகப்படுவதில்லை, மற்றபடி குறை இல்லை.

நீ உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில். டோக்கன் கொடுக்கும் அந்த நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் வேலைக்கா ஐயா என்றாள். சிரித்து வைத்தேன். உள்ளே நீ பேசுவது கேட்கிறதா என்று நல்ல காதைக் கதவுப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்து கேட்கவில்லை. வெளியே உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்குமா என்று அப்போதுதான் தோன்றியது. எனக்கு ஒரு மணி நேரம் தாங்கவில்லை, அதுவும் உள்ளே இருந்த நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

நீ வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாய். என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் பேத்தியின் பல்லைப் பற்றியே பேசித் தீர்த்தோம். ஒரு பல்லுக்கு அவ்வளவு பேச்சு அதிகம்தான்.

பஸ் கிளம்பும்போது நீ ஜன்னலில் ஏதோ சொன்னாய். எஞ்சின் சத்தத்தில் எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். தப்பான இடத்தில் ஆட்டியிருந்தால் பொறுத்துக்கொள்.

முடிவை இந்த மாதக் கடைசிக்குள் சொல்வார்களாம்.

அப்பா


மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம்.

ஜன்னலில் நான் சொன்னது, மன்னிச்சிடுங்க அப்பா என்று. நீங்கள் தலையாட்டியதும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உங்களுக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், வேதியியல் புத்தகம் வரைக்கும். பிறகு மேலாளர் அம்மா, உங்கள் அப்பா இந்த வேலையைச் செய்வாரா என்று கேட்டார். நன்றாகச் செய்வார் என்றேன். அப்புறம் சொன்னேன்: "அவர் துணைக்கு உட்கார்ந்த நோயாளி ஒருத்தர் ஒருநாள் உயிரை விட்டுடுவார். அன்னைக்கு அப்பா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்குவார். மறுபடியும் வெளியே உட்கார எனக்குத் தெம்பு இல்லை மேடம்."

அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்குக் காலையில் எழுந்து போக ஒரு இடம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அங்கே வந்தேன். தெரிந்தேதான் சொன்னேன்.

திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

மகள்


ஜூன் 11

கண்ணு,

நலம். உன் கடிதம் வந்து நாளாயிற்று. எழுதும் முன் ஆஸ்பத்திரிக் கடிதமும் வரட்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஆரம்பித்தது. அப்படி ஆரம்பித்தால் மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை. தையல்கார அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. மாத்திரை வாங்கப் போனபோது பார்த்தேன். ஒரு பெண் கட்டிலோரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் அது ஆகியிருக்காது.

திட்டச் சொன்னாய். எதற்குத் திட்டுவது? நீ சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. என் பக்கத்தில் இருந்த ஆள் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லித்தான் வேலை கேட்டேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். மூன்றாம் நாள் நானே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். வாரம் ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன். போக ஒரு இடம் கிடைத்த மாதிரிதான், என்ன, டோக்கன் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மேலாளர் அம்மா எது திறக்க வைத்தது என்று கேட்டபோது நான் நிஜத்தைச் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் உன் பக்கத்தில் நின்றபோதும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லாமல் வைத்திருந்தது உனக்காக என்றுதான் நினைத்தேன். வாட்ச்மேன் கதை மாதிரி இதுவும் தப்புக் கணக்கு என்று ஏப்ரல் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது புரிந்தது.

நீ பேசிய எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கெஞ்சியது, திட்டியது, அமிலம், காரம், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இரண்டு மோட்டார். லிப்ட் ஓடும் சத்தத்துக்கு நடுவே கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ இருக்கிற மாதிரி ஒரு முனகல் மட்டும் வரும். யாரோ இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும், போனதும் நம் வேலையைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டார்கள். லிப்ட் இரண்டும் நின்றன. அந்த முனகல் நின்றுபோனதும், அது டப்பா கொண்டு வரும் உன் குரல்தான் என்பதும் அந்த அமைதியில்தான் உறைத்தது. நான் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் அது வந்ததும் என்னால் முடியவில்லை. பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய்த் தாழை எடுத்தேன். கதவில் சாய்ந்திருந்த நீ அப்படியே என் கால்மேல் விழுந்தாய். மடியில் புத்தகம்.

இதைச் சொன்னால், காவல் இருந்த நேரத்தில் இப்படிச் செய்துவிட்டோமே என்று நீ உன்னையே தின்றுகொள்வாய் என்று பயந்துதான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ தூங்கிவிட்டாய், கண்ணு. நீ தூங்கியதால்தான் நான் திறந்தேன்.

அப்பா